மனுவும் குரலும்: மலேசியத் தோட்டப்புறத் தமிழ்க்கல்வி பற்றி ஒரு நோக்கு

முன்னுரை

சமத்துவமற்ற சமுதாயத்தில் கல்வியே மனிதனை உயர்த்தும் என்பது நாம் மேடைதோறும் கேட்டுப் பழகிய கருத்தாகும். அவ்வுயர்வைப் பெரும்பாலும் வேலை, ஊதியம், வீடு ஆகியவற்றைக் கொண்டே அளந்து வருகிறோம். கல்வியால் விளையும் மற்றொரு பயன் அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. தன் குறையைத் தன் வாயால் எடுத்துரைக்கவும், உரைத்ததை அதிகாரத்தில் இருப்போர் செவிமடுத்து மறுமொழி கூறியே ஆகவேண்டிய நிலையை உருவாக்கவும் கல்வி துணைசெய்கிறது. ஊதியம் உயர்ந்தும் குரல் எடுபடாத மக்கள் உண்டு. கூலி குறைவாக இருந்தும் தம் சொல்லுக்கு மதிப்பைத் தேடிக்கொண்ட மக்களும் உண்டு.

இக்கட்டுரை இவ்விரண்டாம் பயனையே கருத்தில் கொள்கிறது. மலாயாவின் ரப்பர்த் தோட்டங்களில் வாழ்ந்த தமிழ்த் தொழிலாளர் சமூகம் இதற்கு எடுத்துக்காட்டாகக் கொள்ளப்படுகிறது. எழுத்தறிவும் கேட்கப்படும் உரிமையும் ஒன்றையொன்று எவ்வளவு சார்ந்திருக்கின்றன, எந்த இடத்தில் முன்னது பின்னதைக் கைவிட்டுவிடுகிறது என்பதை இச்சமூகத்தின் நூறாண்டு வரலாறு தெளிவாகக் காட்டுவதே காரணமாகும்.

பேசுதலும் கேட்கப்படுதலும்

பிரெஞ்சுச் சமூகவியலறிஞர் பியர் பூர்தியூ மொழியைச் சந்தையில் புழங்கும் நாணயத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தவர். ஒரு சொல்லின் மதிப்பை அதன் பொருள் மட்டும் தீர்மானிப்பதில்லை. யார் சொல்கிறார், எந்த மொழியில் சொல்கிறார், எந்த அவையில் சொல்கிறார் என்பனவும் சேர்ந்தே தீர்மானிக்கின்றன என்பது அவர் கருத்தின் சாரம். தோட்டத்து லயத்தில் நாவன்மை படைத்தவராக மதிக்கப்பட்ட ஒருவர் மாவட்ட அலுவலகத்தின் முகப்பில் நின்றபோது ஊமையாகிவிடுவதை இக்கருத்தைக் கொண்டு நாம் புரிந்துகொள்ளலாம். அவர் மொழி குறைபட்டதன்று. அவ்வலுவலகத்தில் அது செல்லுபடியாகவில்லை.

எழுத்தறிவுக்கும் அரசியல் குரலுக்கும் உள்ள உறவு சில நாடுகளில் சட்டத்திலேயே எழுதப்பட்டிருந்தது. பிரேசில் நாட்டில் எழுதப் படிக்கத் தெரியாதோர்க்கு 1985ஆம் ஆண்டு வரை வாக்குரிமை இல்லை. அந்நாட்டின் வடகிழக்கில் உள்ள அங்கிகோஸ் என்னும் சிற்றூரில், 1963ஆம் ஆண்டு, பாவ்லோ ஃபிரேயிரி என்னும் கல்வியாளர் ஏறத்தாழ 300 தொழிலாளர்களுக்குச் சில வாரங்களில் எழுத்தறிவூட்டினார். அவர்கள் அன்றாடம் புழங்கிய சொற்களே பாடங்களாயின. மறு ஆண்டு இராணுவம் ஆட்சியைக் கைப்பற்றியதும் ஃபிரேயிரி சிறையில் அடைக்கப்பட்டார். பின்னர் நாட்டைவிட்டு வெளியேற நேர்ந்தது. எழுத்துக் கற்பித்தவரைக் கண்டு ஓர் அரசு அஞ்சியது ஏன் என்னும் வினாவுக்கு மேற்கூறிய வாக்குரிமைச் சட்டமே விடையாக அமைகிறது. மலாயாவில் இத்தகைய வெளிப்படையான சட்டத் தடை இருந்ததில்லை. இங்கே தடை வேறு வடிவங்களில் வந்தது.

சட்டம் தந்த பள்ளி

மலாயாவில் தமிழ்க்கல்வியின் தொடக்கமாக 1816ஆம் ஆண்டு பினாங்கு இலவசப் பள்ளியில் நடந்த தமிழ் வகுப்பைக் குறிப்பிடுவர். எனினும் தோட்டப்புற மக்களின் வாழ்வோடு தமிழ்க்கல்வியைப் பிணைத்தது 1912ஆம் ஆண்டு கூட்டு மலாய் மாநிலங்களில் இயற்றப்பட்ட தொழிலாளர் சட்டமே எனலாம். பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருப்பின் தோட்ட நிருவாகம் பள்ளி ஒன்றை நடத்த வேண்டும் என்பது அதன் விதி. 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டமும் இப்பொறுப்பைத் தோட்ட நிருவாகத்தின் மீதே வைத்தது.

சட்டம் பள்ளியைக் கேட்டது. அப்பள்ளி பிள்ளையை எங்கே கொண்டு சேர்க்க வேண்டும் என்பதைக் கேட்கவில்லை. ஆகவே பல தோட்டங்களில் ஒரு கொட்டகையும் ஒரு கரும்பலகையும் பள்ளியாயின. எழுத்தறிந்த கங்காணியோ கிராணியோ ஓய்வுநேர ஆசிரியரானார். எல்லா வகுப்பும் ஒரே அறையில் நடந்தன. பாடநூல்கள் தமிழ்நாட்டிலிருந்து வந்தமையால், பிள்ளை அறிந்திராத ஆறுகளும் ஊர்களும் பாடத்தில் இருந்தன. அது நாள்தோறும் கண்ட பால்மரமும் செம்பனையும் பாடத்தில் இடம்பெறவில்லை. நான்காம் வகுப்பை எட்டுவதே அரிது. கொஞ்சம் வளர்ந்த பையன் புல் வெட்டப் போனான். பெண்பிள்ளையோ தாய் மரம் சீவப் போகும் விடியற்பொழுதில் தம்பி தங்கையரைப் பார்த்துக்கொள்ள வீட்டில் நிறுத்தப்பட்டாள். ஆயாக்கொட்டகை இருந்த தோட்டங்களிலும் அவள் படிப்பு இடையிலேயே நின்றது. தோட்டப்புறக் கல்வி வரலாற்றை எழுதுவோர் இப்பெண்பிள்ளைகளைப் பற்றி ஒரு பத்தியோடு நிறுத்திக்கொள்வது வழக்கமாகிவிட்டது. இக்கட்டுரையும் அக்குறைக்கு விலக்கன்று.

இந்நிலையை நிருவாகத்தின் கவனக்குறைவு என்று மட்டும் கொள்ளுதல் பொருந்தாது. கூட்டு மலாய் மாநிலங்களின் 1920ஆம் ஆண்டு அறிக்கை, மலாய்க் கல்வியைப் பற்றிப் பேசுமிடத்தில், மீனவர் மகனையும் உழவர் மகனையும் தந்தையைவிடச் சற்று அறிவுள்ள மீனவனாகவும் உழவனாகவும் ஆக்குவதே அரசின் நோக்கம் என்னும் கருத்தை முன்வைத்தது. இது மலாய்ப் பிள்ளைகளைக் குறித்து எழுதப்பட்டது. ஆயினும் தோட்டத் தமிழ்ப் பள்ளிக்கும் இவ்வளவுகோலே பொருந்தியது என்பதில் ஐயமில்லை. தந்தை சீவிய மரத்தையே மகனும் சீவ வேண்டும்; கணக்குச் சீட்டைப் படிக்கத் தெரிந்தால் போதும். அதற்கு மேற்பட்ட கல்வி தோட்ட நிருவாகத்திற்குத் தேவைப்படவில்லை.

இருப்பினும், கற்பித்தவர் எண்ணாத விளைவுகள் கல்வியால் ஏற்படுவதுண்டு. நான்காம் வகுப்பு வரை படித்தவருக்கும் செய்தித்தாளைப் படிக்க முடிந்தது. 1924ஆம் ஆண்டு ‘தமிழ் நேசன்’ தோன்றியது. 1935ஆம் ஆண்டு சிங்கப்பூரில் ‘தமிழ் முரசு’ தோன்றியது. ஒருவர் படிக்கப் பலர் சுற்றி அமர்ந்து கேட்கும் வழக்கம் தோட்டப்புறங்களில் இருந்தது. பக்கத்துத் தோட்டத்தில் கூலி எவ்வளவு, இந்தியாவில் என்ன நடக்கிறது, எந்தச் சங்கம் எங்கே கூடுகிறது என்னும் செய்திகள் இவ்வாறு லயத்துக்குள் நுழைந்தன. தன் குறை தன் ஒருவனுடையது மட்டுமன்று என்று அறிவதே குரலெழுப்புவதற்கு முதற்படியாகும்.

கிள்ளான், 1941

இவ்வகையில் 1941ஆம் ஆண்டு சிலாங்கூர் மாநிலத்தின் கிள்ளான் வட்டாரத்தில் நிகழ்ந்த தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தம் தனிக்கவனத்திற்கு உரியது. தொழிற்சங்க வரலாற்றின் ஒரு பகுதியாகவே இது பெரும்பாலும் பேசப்படுகிறது. கல்வி வரலாற்றின் ஒரு பகுதியாகவும் இதனைக் காணல் வேண்டும் என்பது இக்கட்டுரையின் கருத்து.

வேலைநிறுத்தத்தை முன்னின்று நடத்தியது கிள்ளான் மாவட்ட இந்தியர் சங்கம். அதன் தலைவர் ஆர். எச். நாதன் பத்திரிகைத் துறையைச் சார்ந்தவர். தொழிலாளர் சார்பில் வைக்கப்பட்ட கோரிக்கைகள் பன்னிரண்டு. சீனத் தொழிலாளர்க்கு இணையான கூலி அவற்றுள் ஒன்று. பிள்ளைகளுக்கு முறையான கல்வி மற்றொன்று. பெண்களை இழிவுபடுத்தும் செயலுக்கு முடிவு, நல்ல மருத்துவ வசதி, கள்ளுக்கடைகளை மூடுதல், பத்துப் பன்னிரண்டு மணிநேர வேலைக்கு முடிவு, உறவினர் தோட்டத்திற்குள் தடையின்றி வந்துபோகும் உரிமை ஆகியனவும் அப்பட்டியலில் இருந்தன. துரையையோ கிராணியையோ எதிரில் கண்டால் மிதிவண்டியிலிருந்து இறங்கி நிற்க வேண்டும் என்னும் வழக்கத்தை நீக்க வேண்டும் என்பதும் ஒரு கோரிக்கை. இன்றைய மாணவரிடம் இதனைச் சொன்னால் சிரிப்பர். அன்று அது சிரிப்புக்குரிய செய்தியாக இல்லை.

இப்பட்டியலில் மூன்று கோரிக்கைகள் நம் பொருளோடு நேரடித் தொடர்புடையவை. பேச்சுரிமையும் கூட்டம் கூடும் உரிமையும் வேண்டும். குறையை எடுத்துச் சொல்வோரைப் பழிவாங்கக் கூடாது. தொழிலாளர் தமக்கெனச் சங்கம் அமைத்துக்கொள்ள இடந்தர வேண்டும். இம்மூன்றும் கூலியைப் பற்றியன அல்ல. கூலி பற்றிக் கேட்கவும் மறுமொழி பெறவும் தமக்கு ஒரு வாய்ப்பு வேண்டும் என்பதையே இவை வலியுறுத்துகின்றன. பிள்ளைகளின் கல்வி இவற்றோடு ஒரே தாளில் இடம்பெற்றிருப்பது தற்செயலானதன்று. எழுதத் தெரிந்த சிலர் தம்மிடையே இருந்ததனால்தான் பட்டியலாவது எழுத முடிந்தது என்பதை அத்தொழிலாளர்கள் கண்கூடாக அறிந்திருந்தனர்.

அந்த மனுவுக்குக் கிடைத்த மறுமொழியையும் நாம் அறிவோம். 1941 மே மாதம் நாதன் கைது செய்யப்பட்டார், வேலைநிறுத்தம் பரவியது, படைகள் வரவழைக்கப்பட்டன, துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர் உயிரிழந்தனர். நாதன் இந்தியாவுக்கு நாடு கடத்தப்பட்டார். கல்வி குரலைத் தருகிறது என்று எளிதாகச் சொல்லிவிடுவோர்க்கு இந்நிகழ்ச்சி ஒரு தடையாக நிற்கிறது. அன்றைய தொழிலாளர் தம் குறையைத் தெளிவாகவே சொன்னார்கள். கேட்கவேண்டியவர் கேட்க மறுத்தார். எழுத்தறிவு மனுவை எழுதித் தந்தது. அதனை ஏற்கவேண்டிய கடமையை மறுபக்கத்தில் உருவாக்கும் அமைப்பு அப்போது இல்லை. 1954ஆம் ஆண்டு தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் உருவாகிப் பி. பி. நாராயணன் தலைமையில் நிருவாகங்களோடு ஒரே மேசையில் அமர்ந்து பேசும் நிலை வந்த பிறகே அக்கடமை ஓரளவேனும் உறுதிப்பட்டது.

படிவத்தின் காலம்

விடுதலையை ஒட்டிய ஆண்டுகளில் குரலின் வடிவம் மாறியது. மனுவின் இடத்தைப் படிவம் பிடித்துக்கொண்டது. 1957ஆம் ஆண்டு ஆகஸ்டு 31ஆம் நாளுக்கு முன்பே இந்நாட்டில் வாழ்ந்துவந்தோர் குறிப்பிட்ட தகுதிகளைப் பெற்றிருப்பின் பதிவின் வழிக் குடியுரிமை பெறலாம் என்று அரசமைப்புச் சட்டம் வழிவகுத்தது. அத்தகுதிகளுள் அடிப்படை மலாய்மொழி அறிவும் ஒன்று. விடுதலைக்குப் பிந்தைய ஓராண்டுக் காலத்திற்குள் விண்ணப்பிப்போர்க்கு மட்டும் அம்மொழித் தகுதி தளர்த்தப்பட்டது. சொற்பச் சம்பளத்தில் காலந்தள்ளிய தொழிலாளிக்கு இது எத்தகைய வாய்ப்பு என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் வாய்ப்பு இருக்கிறது என்று அறிய வேண்டும், படிவத்தைப் பெற வேண்டும், நிரப்ப வேண்டும், பிறந்த நாள், வந்த கப்பல், வாழ்ந்த தோட்டம் ஆகியவற்றுக்குச் சான்று காட்ட வேண்டும். கோ. சாரங்கபாணி போன்ற பத்திரிகையாளர்கள் குடியுரிமை பெறுமாறு தமிழரை வற்புறுத்தி எழுதிவந்ததன் காரணம் இதுவே.

எழுதத் தெரிந்த ஓர் ஆசிரியரோ சங்கச் செயலாளரோ இருந்த தோட்டத்தில் பலர் குடியுரிமை பெற்றனர். அத்தகையவர் இல்லாத தோட்டத்தில் பலர் சிவப்பு அடையாள அட்டையோடு நின்றுவிட்டனர். அதன் விலை பத்தாண்டுக்குப் பிறகு தெரிந்தது. 1968ஆம் ஆண்டின் வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டம் குடியுரிமை இல்லாதோர் வேலை அனுமதி பெற வேண்டும் என்று விதித்தது. அனுமதி பெற இயலாமல் ஏறத்தாழ 60,000 இந்தியத் தொழிலாளர் நாட்டைவிட்டுச் சென்றனர் என்பது ஆய்வாளர் பலர் எடுத்தாளும் கணக்கு. அவர்களுள் பலருக்கு இந்தியாவில் வீடு என்று ஒன்று இருந்திராது. ஒரு தாளை உரிய காலத்தில் நிரப்பாமையால் ஒரு தலைமுறையின் உழைப்பே கணக்கில் கொள்ளப்படாமல் போனது. எழுத்தறிவின்மை இதனைவிடக் கொடிய தண்டனையைப் பெற்ற நிகழ்ச்சி இந்நாட்டுத் தமிழர் வரலாற்றில் வேறில்லை என்று துணிந்து கூறலாம்.

ஒரு வெள்ளியும் ஒரு பக்கமும்

இக்காலக்கட்டத்தில் எதிர்த்திசையில் நடந்த இரண்டு முயற்சிகளையும் குறிப்பிட வேண்டும். இரண்டும் சாரங்கபாணியோடு தொடர்புடையவை.

1950களில் மலாயாப் பல்கலைக்கழகத்தில் இந்திய ஆய்வியல் துறை தொடங்கும் ஏற்பாடு நடந்தபோது, அதில் முதன்மை பெறவேண்டிய மொழி எது என்னும் வினா எழுந்தது. சமஸ்கிருதத்திற்கு முதலிடம் தரும் பரிந்துரை ஒன்று முன்வைக்கப்பட்டது. இந்நாட்டு இந்தியருள் பெரும்பான்மையோர் தமிழரே என்பதை எடுத்துக்காட்டி, தமிழுக்கே அவ்விடம் உரியது என்று ‘தமிழ் முரசு’ வாயிலாகச் சாரங்கபாணி இயக்கம் நடத்தினார். ‘தமிழ் எங்கள் உயிர்’ என்னும் பெயரில் நிதி திரட்டப்பட்டது. ஆளுக்கு ஒரு வெள்ளி என்று கேட்கப்பட்டபோது தொழிலாளரும் சிறுவணிகரும் அள்ளித் தந்தனர். 1956ஆம் ஆண்டு துறை தொடங்கியது; தமிழ் அதன் முதன்மை மொழியாயிற்று. பின்னர் 1961ஆம் ஆண்டு அத்துறையின் தலைமையை ஏற்ற தனிநாயகம் அடிகளார் 1966ஆம் ஆண்டு கோலாலம்பூரில் முதல் உலகத் தமிழ் மாநாட்டைக் கூட்டினார்.

வெள்ளி தந்த தொழிலாளருள் எத்தனை பேர் தம் வாழ்நாளில் பல்கலைக்கழக வாயிலை மிதித்திருப்பர்? மிகச் சிலராகவே இருக்க வேண்டும். ஆயினும் அவ்வாயிலில் எந்த மொழி ஒலிக்க வேண்டும் என்பதை முடிவுசெய்ததில் அவர்களுக்குப் பங்கு இருந்தது. தமக்கு எட்டாத கல்வியையும் தம் குரலின் நீட்சியாகவே கண்ட மக்கள் அவர்கள். இந்திய ஆய்வியல் துறைகளின் ஆய்வேடுகளுக்குத் தோட்டப்புறம் ஆய்வுக்களமாக அமையும்போதெல்லாம் இந்த வரலாற்றுக் கடன் நினைவுக்கு வர வேண்டும்.

இரண்டாவது முயற்சி அளவில் சிறியது, விளைவில் பெரியது. ‘தமிழ் முரசு’ 1950களில் மாணவர்க்கெனத் தொடங்கிய ‘மாணவர் மணிமன்றம்’ பகுதியே அது. தோட்டப்புறப் பள்ளி மாணவன் எழுதி அனுப்பிய சிறு கட்டுரை, கவிதை, கடிதம் அவன் பெயரோடு அச்சில் வந்தது. அப்பகுதியில் எழுதிப் பழகியோர் பலர் பின்னர் எழுத்தாளராகவும் ஆசிரியராகவும் இயக்கத் தலைவராகவும் விளங்கினர். மணிமன்றங்கள் ஊர்தோறும் அமைந்தன. இதன் உளவியல் பயன் எளிதில் அளக்கத்தக்கதன்று. தன் பெயரை வருகைப் பதிவேட்டில் மட்டுமே எழுத்தில் கண்ட பிள்ளை, முகமறியாத வாசகர் படிக்கும் தாளில் அதனைக் காணும்போது, தன் சொல் தன்னைவிட்டுப் பிரிந்து பிறரிடம் சென்று சேரும் என்பதை உணர்கிறது. பள்ளிப் பாடத்திட்டம் எதுவும் இதனை அவ்வளவு செம்மையாகக் கற்பித்திருக்க இயலாது.

ஆறாம் ஆண்டோடு முடியும் ஏணி

1951ஆம் ஆண்டின் பார்ன்ஸ் அறிக்கை தாய்மொழிப் பள்ளிகளின் இடத்தில் ஒரே வகைத் தேசியப் பள்ளியை அமைக்கப் பரிந்துரைத்தது. சீனக் கல்வியை ஆராய அரசே ஃபென்-வூ குழுவை அமைத்து அதன் அறிக்கையை வெளியிட்டது. இந்தியர் சார்பிலும் கல்வி பற்றிய விண்ணப்பம் ஒன்று அவ்வாண்டில் உருவாயிற்று. ஆனால் அதனை மேற்கோள் காட்டும் ஆய்வுகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். வணிகர்களின் பொருள்வலிமையும் ஆசிரியர் சங்கத்தின் கட்டுக்கோப்பும் சீனக் கல்விக்குப் பின்னால் நின்றன. தோட்டத் தமிழ்ப் பள்ளிக்குப் பின்னால் நின்றோர் நாட்கூலி பெறுவோர். ஒரே வினாவை எழுப்பிய இரு சமூகங்களுள் ஒன்றின் குரல் உரக்கக் கேட்டதற்கும் மற்றது மங்கியதற்கும் இவ்வேறுபாடு முக்கியக் காரணமாகும்.

1956ஆம் ஆண்டின் ரசாக் அறிக்கையும் 1957ஆம் ஆண்டின் கல்விச் சட்டமும் தமிழ்ப் பள்ளிகளைத் தேசியக் கல்வி முறைக்குள் கொண்டுவந்தன. இது பெரும் பேறு என்பதை மறுப்பதற்கில்லை. பொதுப் பாடத்திட்டம், பயிற்சி பெற்ற ஆசிரியர், அரசுச் சம்பளம் ஆகியவை இதன் பயன்கள். எனினும் தமிழ்வழிக் கல்வி தொடக்கப்பள்ளியோடு நின்றுவிட்டது. மலேசியாவில் தமிழை முழுப் பயிற்றுமொழியாகக் கொண்ட இடைநிலைப்பள்ளி வளரவில்லை. சிங்கப்பூரில் இயங்கிய உமறுப் புலவர் தமிழ் உயர்நிலைப்பள்ளியும் 1982ஆம் ஆண்டு மூடப்பட்டது.

ஆதலால் தமிழ்ப்பள்ளி மாணவர் பன்னிரண்டு, பதின்மூன்று வயதில் பயிற்றுமொழியை மாற்றிக்கொள்ள வேண்டியவராயினர். மலாய்மொழியில் போதிய தேர்ச்சி பெறாதோர் புகுமுக வகுப்பில் ஓராண்டு கழித்த பிறகே முதலாம் படிவத்திற்குச் சென்றனர். அவ்வோராண்டு மொழிப்பயிற்சிக்காக வகுக்கப்பட்டது. நடைமுறையில் பல பிள்ளைகள் அதனைப் பின்தங்கியோர் வகுப்பு என்றே உணர்ந்தனர். ஆறாம் ஆண்டு இறுதியில் பள்ளிப் பேச்சுப் போட்டியில் பரிசு பெற்ற பிள்ளை, மறு ஆண்டு சனவரியில் வகுப்பின் கடைசி வரிசையில் கேள்விக்கு எழுந்து நின்றும் வாய்திறவாமல் அமர்ந்துவிடுவதை இடைநிலைப்பள்ளித் தமிழாசிரியர் பலரும் கண்டிருப்பர். பூர்தியூ கூறிய நாணயம் செல்லுபடியாகாமற்போகும் இடம் இதுவே. பிள்ளையின் அறிவு ஒரு விடுமுறைக் காலத்தில் குறைந்துவிடவில்லை. கேட்கும் அவை மாறிவிட்டது. பள்ளியைவிட்டு இடையில் நின்றோருள் பலர் இந்த இடத்திலேயே உள்ளத்தால் நின்றுவிட்டவர்கள்.

இதனைக் காட்டித் தமிழ்ப்பள்ளியே முன்னேற்றத்திற்குத் தடை என்று வாதிடுவோர் உளர். அவ்வாதம் ஏற்கத்தக்கதன்று. ஏணியின் நடுவில் ஒரு படி இல்லையெனில் குற்றம் கீழ்ப்படியினுடையதாகாது. அதே வேளையில், தமிழ்ப்பள்ளியில் சேர்த்துவிட்டால் நம் கடமை முடிந்தது என்னும் போக்கும் போதாது. மலாய்மொழியில் தன் கருத்தைத் தயக்கமின்றி எடுத்துரைக்கும் ஆற்றலைத் தமிழ்ப்பள்ளியே ஊட்ட வேண்டும். அது தமிழுக்குச் செய்யும் துரோகமாகாது. தமிழ்ப் பிள்ளைக்குச் செய்யும் கடமையாகும்.

பள்ளிகளின் எண்ணிக்கையும் கருதத்தக்கது. 1957ஆம் ஆண்டு 888ஆக இருந்த தமிழ்ப்பள்ளிகள் இன்று 520க்குச் சற்று மேற்பட்டனவாக உள்ளன. தோட்டத் துண்டாடல், பின்னர்த் தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாக மாறியமை, மக்கள் நகரங்களுக்குக் குடிபெயர்ந்தமை ஆகியவை இதற்குக் காரணங்கள். தோட்ட நிலத்தில் அமைந்த பள்ளிகள் அரசின் பகுதி உதவியை மட்டுமே பெற்றுவந்தமையால், கட்டடத்திற்கும் பழுதுபார்ப்புக்கும் நிருவாகத்தையும் பெற்றோரையும் நம்பியிருக்க நேர்ந்தது. 1912ஆம் ஆண்டுச் சட்டம் பள்ளியைத் தோட்டத்தோடு பிணைத்ததன் விளைவு, தோட்டம் மறைந்த பின்னும் பள்ளியைத் தொடர்ந்து வருகிறது.

கேட்கவைத்த ஒரு நிகழ்ச்சி

கல்வி பெற்ற சமூகம் தன் குரலைக் கேட்கவைத்த அண்மைய நிகழ்ச்சி ஒன்றையும் இங்கு எண்ணிப் பார்க்கலாம். 2009ஆம் ஆண்டு, எஸ்.பி.எம். தேர்வில் மாணவர் எடுக்கும் பாடங்களின் எண்ணிக்கை 2010 முதல் பத்தாக வரையறுக்கப்படும் என்று அறிவிக்கப்பட்டது. தமிழ்மொழியையும் தமிழ் இலக்கியத்தையும் கூடுதல் பாடங்களாக எடுத்துவந்த மாணவர்க்கு, குறிப்பாக அறிவியல் பிரிவு மாணவர்க்கு, இது பெருந்தடையாக அமைந்தது. ஆசிரியர்கள், கல்வியாளர்கள், எழுத்தாளர்கள், பொது இயக்கங்கள் ஆகியோர் ஒன்றுகூடினர்; ஏடுகளில் எழுதினர்; விண்ணப்பங்கள் அளித்தனர். அவ்வாண்டு இறுதியில் பத்துப் பாடங்களுக்கு மேல் இரண்டு பாடங்களை எடுக்க இசைவு தரப்பட்டது.

கிள்ளானையும் இதனையும் அடுத்தடுத்து வைத்து நோக்கினால் வேறுபாடு விளங்கும். 1941இல் கோரிக்கையை எழுதியோர் சிலர். அவர்களை அகற்றியதும் மனு அனாதையாயிற்று. 2009இல் எழுதத் தெரிந்தோர் ஆயிரக்கணக்கில் இருந்தனர். பாடத்திட்ட விதிகளை அறிந்தோர், தேர்வு முறையை அறிந்தோர், அமைச்சின் மொழியில் வாதிட அறிந்தோர் அவர்களிடையே இருந்தனர். அவர்களுள் கணிசமானோர் தோட்டப்புறத் தமிழ்ப்பள்ளியில் படித்தவர்கள். அரசியல் சூழலும் அவ்வேளையில் துணைநின்றது என்பதை மறைக்க வேண்டியதில்லை; 2008ஆம் ஆண்டுப் பொதுத்தேர்தலுக்குப் பிறகு இந்தியர் வாக்கின் மதிப்பு கூடியிருந்தது.

வகுப்பறையில் செய்யத்தக்கது

தொடக்கப்பள்ளித் தமிழ்ப் பாடத்தில் அலுவல் கடிதம் கற்பிக்கப்படுகிறது. அது பெரும்பாலும் அமைப்பு முறைக்காகவே கற்பிக்கப்படுகிறது: அனுப்புநர் முகவரி எங்கே, நாள் எங்கே, தலைப்பின் கீழ்க் கோடு உண்டா என்பனவே மதிப்பெண்ணைத் தீர்மானிக்கின்றன. மாணவர் மாதிரிக் கடிதத்தை மனனம் செய்து எழுதுகின்றனர். யு.பி.எஸ்.ஆர். தேர்வு 2021ஆம் ஆண்டு நீக்கப்பட்ட பிறகும் இப்பழக்கம் பல வகுப்பறைகளைவிட்டு முற்றாக நீங்கவில்லை.

அக்கடிதத்தை உண்மையாகவே அனுப்பும் கடிதமாக்கலாம். பள்ளிக்கு எதிரே அடைபட்ட வடிகால், பேருந்து நிறுத்தத்தில் எரியாத விளக்கு, நூலகத்தில் இல்லாத தமிழ் நூல்கள் ஆகியவற்றைப் பற்றி மாணவர் முதலில் தமிழில் எழுதட்டும். அதே கருத்தை மலாய்மொழி ஆசிரியரின் துணையோடு மலாயில் எழுதட்டும். நகராண்மைக் கழகத்திற்கோ நூலகத்திற்கோ அது அனுப்பப்படட்டும். மறுமொழி வந்தால் வகுப்பில் படிக்கலாம். வராவிடில் நினைவூட்டுக் கடிதம் எழுதுவது எப்படி என்பதைக் கற்பிக்கலாம்; அதுவும் அறியத்தக்க கலையே. இரு மொழிகளுக்கிடையே தன் கருத்தைச் சிதையாமல் கொண்டுசெல்லும் பயிற்சியைப் பதினோரு வயதில் பெற்ற பிள்ளை, முதலாம் படிவத்தில் வாய்திறக்க அவ்வளவு தயங்காது என்று நம்ப இடமுண்டு. இதற்குத் தனி நிதியோ புதுப் பாடநூலோ தேவையில்லை. பாடநேரத்தின் நெருக்கடி ஒன்றே தடையாகலாம். தமிழாசிரியரும் மலாய்மொழி ஆசிரியரும் பாடத்திட்டத்தை முன்கூட்டியே ஒருங்கே அமர்ந்து வகுத்துக்கொண்டால் அதனையும் சமாளிக்கலாம்.

ஆய்வாளர்க்கு உரிய பணி ஒன்றும் காத்திருக்கிறது. மூடப்பட்ட தோட்டப் பள்ளிகளின் சேர்க்கைப் பதிவேடுகள், வருகைப் பதிவேடுகள், தலைமையாசிரியரின் நாட்குறிப்புகள், பெற்றோர் சங்கக் கூட்டக் குறிப்புகள் ஆகியவை பல இடங்களில் கறையானுக்கு இரையாகி வருகின்றன. பிறப்புச் சான்றிதழ் இல்லாத தோட்டப்புற மக்களைப் பதிவுசெய்ய 2011ஆம் ஆண்டு ‘மைடஃப்தார்’ என்னும் இயக்கம் நடத்தப்பட்டபோது, ஆவணமின்மை இன்னும் தீராத சிக்கல் என்பது நாடறியத் தெரியவந்தது. ஒருவர் எந்த ஆண்டு எந்தத் தோட்டத்தில் இருந்தார், அவர் பெற்றோர் யார் என்பதற்குப் பள்ளிப் பதிவேடு துணைச்சான்றாக நிற்கவல்லது. பட்டப்படிப்பு மாணவர்கள் தத்தம் மாவட்டத்தில் எஞ்சியுள்ள பதிவேடுகளைக் கண்டறிந்து, தலைமையாசிரியரின் இசைவோடு படமெடுத்து, தோட்டத்தின் பெயர், ஆண்டு, பக்க எண் ஆகியவற்றோடு வரிசைப்படுத்தித் துறை நூலகத்தில் வைக்கலாம். இடம் மாற்றப்படும் பள்ளிகளிலிருந்து தொடங்குவது நல்லது. பழைய அலமாரிகள் முதலில் கைவிடப்படுவது அங்கேதான்.